நேத்து அண்ணனின் பதினோரு மணி டம்ளர்

வாங்காதே என்று சொல்வதற்காக ஒருவர் கடை வைப்பாரா? இருபத்திரண்டு வருடமாக அப்படி ஒரு கடையை நடத்துபவரை எனக்குத் தெரியும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் தெருவில் அவர் நேத்து அண்ணன்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏறிப் போகும் படிக்கட்டின் கீழே இருந்தது அவருடைய கடை. நின்றால் மூன்று பேர், உட்கார்ந்தால் ஒருவர். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை புரதப் பவுடர் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சட்டையில்லாத ஒரு ஆள், புஜத்தை மடக்கிக்கொண்டு, யாருடனோ சண்டைக்குப் போகிற முகத்தோடு. மேலே யாராவது எடைக்கட்டையைத் தரையில் போட்டால் அத்தனை டப்பாக்களும் ஒருதரம் நடுங்கி அடங்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் அவித்த முட்டைக் கூடை ஒன்று. உப்பும் மிளகுத்தூளும் ஒரு சிறு சீசாவில். டப்பாக்களை அலங்காரம் என்றும் முட்டையைத்தான் வியாபாரம் என்றும் அவரே சொல்வார்.

கடைக்கு வருமுன் இருபது வருடம் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். தோள் இன்னும் அகலமாக இருந்தது. வயிறு மட்டும் வயதை ஒப்புக்கொண்டிருந்தது. மனைவி எப்போதோ இறந்துவிட்டார் என்பதும், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார் என்பதும் தெருவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

பட்டப்பெயர் வந்த விதம் எளிமையானது. யார் வந்து டப்பா கேட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"நேத்து என்ன சாப்பிட்டே?"

இன்றைக்கு என்ன என்று கேட்கமாட்டார். இன்றைக்கு எல்லாரும் நல்ல பிள்ளைகள், நேற்றுதான் நிஜம் என்பது அவர் கணக்கு. பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், காதில் செருகியிருக்கும் பென்சிலால் எழுதிக்கொள்வார். கூரியர் வண்டி ஓட்டும் ஒரு இளைஞன் மாட்டிக்கொண்ட நாளில் நானும் அங்கே இருந்தேன்.

"எதுக்குண்ணே அதெல்லாம்? அந்த மேல் தட்டு டப்பா ஒண்ணு எடுங்க, போதும்."

"தர்றேன்டா, ஓடியா போயிடப்போகுது? நேத்துக் காலையிலிருந்து சொல்லு."

"நாலு முட்டை. மதியம் கோழி, சோறு, பருப்பு. சாயங்காலம் வேர்க்கடலை ஒரு கை. ராத்திரி ரொட்டி. படுக்கறப்போ பால்."

"பால் எவ்வளவு?"

"அரை லிட்டர். அம்மா விடமாட்டாங்க."

"உன் எடை?"

"அறுபத்தெட்டு."

பென்சில் ஓடியது. முட்டைக்கு ஆறு கிராம், பாலுக்குப் பதினாறு, கோழிக்கு ஒரு கணக்கு, கடலைக்கு ஒரு கணக்கு, சோற்றையும் ரொட்டியையும் கூட விடவில்லை. "சும்மா இருக்கறவனுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் தாராளம். நீ இரும்பு தூக்கறே, ஒன்றரைன்னே வெச்சுக்கோ. நூத்திரண்டு வேணும். நேத்து நீ தின்னது நூத்துப்பத்து. எட்டு கிராம் எனக்கே தரலாம் நீ."

"அப்போ பவுடரு?"

"வீட்ல வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறே. போ, போய் உங்கம்மா கால்ல விழு."

"இப்படிப் பேசினா கடை எப்படிண்ணே ஓடும்?"

"நீ ஓடு. கடை நிக்கட்டும்."

எல்லாரையும் திருப்பி அனுப்பவில்லை அவர். பல் செட்டு பொருந்தாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளிய ஒரு முதியவருக்குக் கொடுத்தார். மாறி மாறி வரும் பணி நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஒரு நர்ஸுக்குக் கொடுத்தார். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. என் மனதில் நின்றது, நாற்பத்தாறு வயதில் தொளதொளத்த கைகளோடு நானே போய் நின்றபோது அவர் சொன்னதுதான்.

"உங்களுக்கு வேணாம் சார். நீங்க சாப்பாட்டுல குறை வைக்கல, நடக்கறதுலதான் குறை வைக்கறீங்க. டப்பா உங்களுக்குப் பதிலா நடக்காது."

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. மற்ற நேரத்தில் தத்துவப் புத்தகம். ஒரு நல்ல வாக்கியம் கையில் கிடைத்தால் அதைக் கொள்கையாக்கிவிடுவது என் போன்றவர்களின் வியாதி. டப்பா என்பது விளம்பரத்தின் குழந்தை, உணவே உண்மை என்று அன்று முதல் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொள்கைக்கு விலை கொடுக்க இருந்தவள் என் அக்கா.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவள் மெஷின். நான் பள்ளியில் படிக்கும்போதே எங்கள் பெற்றோர் போய்விட, அந்த மெஷினை மிதித்துத்தான் என்னை ஆளாக்கினாள். கல்யாணம் இருவருக்குமே அமையவில்லை; அதைப் பற்றி அவள் செய்த கேலியில் பாதிதான் நான் செய்திருப்பேன். ஐம்பத்திரண்டாவது வயதில் அவளுக்கு உணவுக்குழாயில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது எடை நாற்பத்தொரு கிலோ. ஆறு வாரம் கழித்துச் சிகிச்சையின் இரண்டாம் கட்டம் தொடங்க வேண்டும். மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"நாற்பதுக்குக் கீழ போயிடக்கூடாது. போனா உடம்பு தாங்காது, தள்ளிப்போட வேண்டியிருக்கும். தள்ளிப்போடறது நல்லதில்ல."

மருத்துவமனையின் உணவு ஆலோசகர், சின்னப் பெண், சீட்டில் பாலோடு புரதப் பவுடர் என்று எழுதிக்கொடுத்தாள். நான் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உணவே போதும். முட்டையை மசித்தேன், பருப்பைக் கடைந்தேன், மீனை முள்ளெடுத்து உதிர்த்தேன். அக்காவால் மூன்று கரண்டிக்கு மேல் இறக்க முடியவில்லை. நான்காவது கரண்டிக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

"போதும்டா. வாய் கேக்குது, தொண்டை விடமாட்டேங்குது."

பத்தாம் நாள் எடை பார்த்தேன். முப்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம்.

அன்று மாலை கடையைத் தாண்டி நடக்கும்போது நேத்து அண்ணன் கூப்பிட்டு அக்காவைப் பற்றி விசாரித்தார். நான் சொன்னேன். ஆலோசகர் பவுடர் எழுதியதையும், நான் வாங்காததையும், அது அவரிடம் கற்ற பாடம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கையிலிருந்த முட்டையைக் கூடையில் திரும்ப வைத்தார்.

"சார், நான் சொன்னது உங்களுக்கு. அக்காவுக்கா சொன்னேன்?"

"பொதுவா..."

"பொதுவான்னு ஒரு ஆளு இந்தக் கடைக்கு வந்ததே இல்ல சார். மெல்லத் தெரிஞ்சவனுக்குச் சொன்னதை, முழுங்க முடியாதவங்க தலையில கட்டுவீங்களா? நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

சொன்னேன். அவர் நாள்காட்டித் தாளில் எழுதினார். எழுத அதிகம் இல்லை. கூட்டிப் பார்த்துத் தாளை என் பக்கம் திருப்பினார். பத்தொன்பது.

"நாப்பது கிலோ ஆளு, அறுத்த புண்ணு ஆறணும். அறுபதாவது வேணும். பத்தொன்பது." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு உண்மையை, அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் கழித்துவிட்டு எடுத்துப்போனால் கையில் மிஞ்சுவது என்ன என்று அதற்குப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்க நேரமில்லை. கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா, அது சரியாக இருந்ததா என்று கேட்டார். பதில் போதவில்லை என்று அங்கேயே நிற்கவைத்து ஆலோசகப் பெண்ணுக்கு போன் போடச் சொன்னார். அவள் சரி என்று சொல்லி, எப்படிப்பட்டது, எத்தனை வேளை என்று விவரம் சொன்ன பிறகுதான் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதில் சண்டைக்காரன் படம் இல்லை. ஒரு டம்ளர் படம் மட்டும்.

"மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுக் கலக்குங்க சார்."

எட்டு நாள் கலக்கினேன். காலை ஒருதரம், மாலை ஒருதரம். ஒன்பதாம் நாள் எடை முப்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம். கூடவில்லை. குறைந்திருந்தது.

அன்று மாலை கடையில் போய்ச் சொன்னேன். மறுநாள் பதினோரு மணிக்கு நேத்து அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். காலைக் கூட்டம் முடிந்து பயிற்சிக் கூடம் காலியாக இருக்கும் நேரம் அது. கடையைப் பூட்டிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். தைக்கத் தெம்பில்லாவிட்டாலும் மெஷினை விட்டு நகரமாட்டாள்.

"டப்பாவைக் காட்டுங்க," என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"எதால அள்ளறீங்க?"

சமையலறையிலிருந்து கரண்டியைக் கொண்டுவந்து காட்டினேன். சர்க்கரை போடுகிற கரண்டி.

"டப்பாவோட வந்த கரண்டி எங்க?"

"இதுல வைக்க மறந்துட்டாங்க போல. இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, கை கழுவித் துடைத்து, டப்பாவுக்குள் விட்டார். பிரசவம் பார்க்கிறவர் போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு துழாவினார். கை வெளியே வந்தபோது, முழங்கைவரை மாவு. விரல்களுக்கிடையே என் சர்க்கரைக் கரண்டியைப் போல மூன்று பங்கு பெரிய பிளாஸ்டிக் கரண்டி.

"இது எப்பவும் அடியிலதான் புதைஞ்சிருக்கும் சார். ஆட்டி ஆட்டி வண்டியில வர்றப்போ உள்ள போயிடும். டப்பா மேலயே போட்டிருக்கே, பாருங்க."

போட்டிருந்தது. 'அளவுக் கரண்டி உள்ளே உள்ளது.' வேளைக்கு அதில் ஒரு கரண்டி என்றும் போட்டிருந்தது. எட்டு நாளாக அக்காவுக்கு நான் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு.

அக்கா சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தாள். "ஊரான் எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போனா கண்டுபிடிப்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, கடைக்காரரே?"

"உதவும்மா. இனிமே உதவும்."

அவரே வெதுவெதுப்பான பாலில் கலக்கினார். கொதிக்கிற பாலில் போட்டால் கட்டி தட்டும் என்று எனக்குக் காட்டிக்கொண்டே கலக்கினார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. முழு அளவு போட்டதும் சுவை மாறிவிட்டது. அக்கா ஒரு வாய் வைத்தாள், டம்ளரை மெஷின் பலகைமேல் வைத்தாள்.

"சுண்ணாம்புத் தண்ணி. முடியாது."

"அக்கா, குடி. நாற்பது..."

"நாற்பது தெரியும்டா எனக்கு. உடம்பு என்னுது." நேத்து அண்ணன் பக்கம் திரும்பினாள். "கடைக்காரரே, உண்மையச் சொல்லுங்க. இத்தனை வருஷமா விக்கறீங்களே, நீங்க ஒருநாளாவது இதைக் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"எனக்குத் தேவையில்ல."

"நல்லா இருக்கே! சமைச்சவன் சாப்பிடமாட்டானாம், வந்தவன் மட்டும் சாப்பிடணுமாம். தேவை இருக்கறவ மட்டும் தனியா உக்காந்து சுண்ணாம்பு குடிக்கணுமாக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக எல்லாரும் சாப்பிடும்போது தனியாக வேறு ஒன்றை விழுங்கிக்கொண்டிருப்பவளின் சலிப்பு அது. அதை நான் அப்போதுதான் கேட்டேன். எங்கள் வீட்டில் ஒரே மேஜையில் இரண்டு சாப்பாடு நடந்துகொண்டிருந்தது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

நேத்து அண்ணன் அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்தார். ஒரு கரண்டி போட்டார், பால் ஊற்றினார், கலக்கினார். மெஷினுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மூட்டை தூக்கிய முதுகு ஒருதரம் சிலிர்த்தது.

"அடப்பாவமே," என்றார். "இதையா பதினெட்டு வருஷமா வித்தேன்?"

அக்கா சிரித்தாள். இம்முறை சத்தம் வந்தது. டம்ளரை எடுத்தாள். அவர் ஒரு வாய், இவள் ஒரு வாய் என்று முக்கால் மணி நேரம் ஆயிற்று இருவரும் முடிக்க.

மறுநாள் பதினோரு மணிக்கும் வந்தார். அதற்கடுத்த நாளும். எடை பார்க்கும் நாள்வரை இருபத்துநான்கு நாள், ஒருநாள் விடாமல். மாலை டம்ளர் என் முறை. அதில் எனக்கும் ஒரு பங்கு, வேறு வழியில்லை. காலை டம்ளரை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வந்ததும் நாள்காட்டித் தாள், பென்சில்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"அரை முட்டை. தயிர் ஒரு கிண்ணம். பருப்புத் தண்ணி. தம்பியோட பிரசங்கம்."

"பிரசங்கத்துல புரதம் இல்லம்மா."

"கொழுப்பு நிறைய இருக்கு, போட்டுக்கோங்க."

நாளாக ஆக, பட்டியல் நீண்டது. அரை முட்டை ஒன்றாயிற்று. மீன் வந்தது. குமட்டலுக்கு மருத்துவர் மாற்றிக் கொடுத்த மாத்திரையும் வேலை செய்தது. ஒருநாள் நான் அச்சகத்துக்குக் கிளம்பும்போது மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள், அவர் எதிரே உட்கார்ந்து பட்டன்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டன் பிரிக்கச் சொல்லி அவரை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

ஆறு வாரம் முடிந்த அன்று மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். முள் நாற்பதைத் தொட்டுத் தாண்டி நூறு கிராமில் நின்றது.

"செருப்பைக் கழட்டலியே," என்றாள் நர்ஸ்.

அக்கா கழற்றினாள். முள் சரியாக நாற்பதில் நின்றது. நர்ஸ் எழுதிக்கொண்டாள். மறுவாரம் சிகிச்சை தொடங்கியது, இடையில் நிற்காமல் முடிந்தது. இப்போது அக்காவுக்கு நாற்பத்தேழு கிலோ. மெஷினுக்கு ஓய்வில்லை.

பவுடர்தான் அக்காவைக் காப்பாற்றியது என்று நான் எழுதமாட்டேன். மருத்துவர் இருந்தார், மாத்திரை இருந்தது, பாதி முட்டையிலிருந்து முழு முட்டைக்கு வந்த அவளுடைய பிடிவாதம் இருந்தது. நன்றி சொல்ல நான் கடைக்குப் போனபோது அவரே அதைத்தான் சொன்னார்.

"டப்பாவுக்கெல்லாம் நன்றி சொல்லாதீங்க சார். ஆள் எழுந்து நடக்கறவரைக்கும் கையில பிடிக்கற குச்சி அது. நடக்க ஆரம்பிச்சப்புறம் குச்சியக் கும்பிடுவாங்களா?"

"உங்களுக்குச் சொல்லலாமா?"

"எனக்கு எதுக்கு? நான் பால்தானே குடிச்சேன், அதுவும் உங்க வீட்டுப் பால்." கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "நடக்கறீங்களா தினமும்?"

நடக்கிறேன் என்றேன். அது உண்மையாகவும் இருந்தது. மனிதர்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுத எனக்குக் கை எளிதில் வராது. இந்த மனிதரைப் பற்றி எழுதாமல் இருந்தால் அது நான் விட்ட இன்னொரு பிழையாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

சிகிச்சை நடந்தபோதும் பதினோரு மணிக்கு வந்துகொண்டிருந்தவர், அது முடிந்து அக்கா நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு ஒருநாள், கடைசியாக ஒரு பட்டியல் எழுதிக் கூட்டினார். எழுபத்திரண்டு.

"இனி உங்களுக்கு இது வேணாம்மா," என்று மிச்ச டப்பாவை மூடினார். அக்கா தலையாட்டினாள். டம்ளர்களை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாள் பதினோரு மணிக்கு வரவில்லை. வரக் காரணமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடைப்பக்கம் போனேன். பதினோரு மணி. மேலே கூடம் காலி. டப்பாக்கள் நடுங்காமல் இருந்தன. நேத்து அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். முகத்தைச் சுளித்தபடி, ஒவ்வொரு வாயாக, அதே சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். கூரியர் இளைஞன் எதிரே நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"கேளுங்க சார் இந்த நியாயத்தை! எனக்கு மட்டும் அம்மா கால், இவருக்கு டப்பா. ஊருக்குத்தான் உபதேசம். அண்ணே, நேத்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எழுதிக்கோ. மூணு முட்டை, மீனு, பருப்பு, பாலு."

"கூட்டினா மிச்சமே இருக்கும். உங்களுக்கு எதுக்கு இது?"

"தேவையில்லதான்," என்றார் நேத்து அண்ணன்.

அவன் மேலும் கேட்டான். நானும் பார்வையால் கேட்டேன். அவர் கடைசி மடக்கைக் குடித்து, டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

"பால் வெதுவெதுப்பாத்தானே ஊத்தறாரு?" என்று மட்டும் கேட்டாள்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. இன்றும் அவர் யாருக்கும் எளிதில் டப்பா தருவதில்லை. இன்றும் பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் குடிக்கிறார்.